உங்கள் சட்டை தயார்

சென்ற ஆடியில் ஒரு சனிக்கிழமை காலை, என் இடுப்பளவு நல்லேப்பிள்ளி முழுவதற்கும் தெரிந்துபோனது.

முழுவதும் என்றால்... சலீம் பாயின் தையல் கடையில் அப்போது நின்றுகொண்டிருந்த ஏழு பேருக்கு. பாலக்காட்டை ஒட்டிய எங்கள் சின்ன ஊரில் ஏழு பேருக்குத் தெரிந்தால் போதாதா?

பேண்ட் தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். பாய் நாடாவைச் சுற்றிப் பார்த்து, "முப்பத்தெட்டரை" என்றார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஜமீலா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார்: "போன வருசம் முப்பத்தாறுங்க சார்."

சத்தமாக!

முன்பெல்லாம் இந்த ஆபத்து இல்லை. பாயிடம் அளவு நோட்டுகள் இருந்தன. போன வருட அளவு எந்த நோட்டில் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. தேடுவதைவிடப் புதிதாக எடுப்பது சுலபம். நானும் வருடா வருடம் புது மனிதனாக நின்று அளவு கொடுத்துவந்தேன். இப்போது அந்தச் சலுகை போய்விட்டது. எல்லாம் கிளவுடில்.

பாயைக் குறை சொல்ல முடியாது. சுற்றுவட்டாரத்தில் நான்கு பள்ளிக்கூடங்களின் யூனிஃபார்ம் அவர் கடையில்தான் தைக்கிறார்கள். ஆறு மெஷின், எட்டு ஆட்கள். மே மாதம் பிறந்தால் "ஆயாச்சா பாய்?" என்று கேட்டு ஓயாமல் போன். போனை எடுப்பாரா, கத்தரியை எடுப்பாரா? அந்த நேரம் பார்த்துத்தான் கொச்சியிலிருந்து ஒரு பையில் லேப்டாப்போடு ஒருவர் வந்து இறங்கினார்.

"சேட்டா, எல்லாம் கிளவுடிலாணு. நோட்டு வேண்டா, பேனா வேண்டா."

"கிளவுடுன்னா... அது எங்கீங்க இருக்குது?"

"எவிடெயும் இல்லா சேட்டா. எல்லாயிடத்தும் உண்டு."

பாய் சிரித்துவிட்டாராம். "அப்பிடிச் சொல்றது ஒருத்தனைப் பத்தித்தானுங்க தம்பி."

சிரித்தாலும் சேர்ந்துவிட்டார். மாதச் சந்தா. இன்றைக்கு யார்தான் சேரவில்லை? அரிசி மில்லில் சந்தா, பல் டாக்டரிடம் சந்தா, கோழித் தீவனக் கடையில்கூடச் சந்தா. நோட்டு வாங்கினால் நோட்டு நம்முடையது. இது அப்படியில்லை. மாதம் தவறினால் கதவு சாத்திவிடும். நம் ஊர்க்காரர்களின் தோளும் மார்பும் இடுப்பும் இப்போது எங்கேயோ வாடகைக்குக் குடியிருக்கின்றன...

ஜமீலா உட்கார்ந்து பதினோரு நோட்டையும் ஏற்றினார். மூன்று மாதம், தினமும் மத்தியானம். பெயர், போன் நம்பர், அளவு. ஒருவரையும் விடவில்லை.

இந்தச் சாஃப்ட்வேர் ஒரு வேலை செய்யும். உடை தைத்து முடிந்ததும் ஜமீலா ஒரு பட்டனை அழுத்துவார். வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் தானாகச் செய்தி போகும். 'வணக்கம். உங்கள் சட்டை தயார். கடைக்கு வந்து பெற்றுக்கொள்ளவும்.' வாங்கிப் போனதும் இன்னொரு பட்டன். 'உங்கள் சட்டை வழங்கப்பட்டது. நன்றி. மீண்டும் வருக.' வாங்காமல் விட்டால் வாரம் ஒருமுறை அதுவே நினைவூட்டும். போன் தொல்லை ஒழிந்தது.

அன்றைக்கு என் இடுப்பைப் பற்றிய சிரிப்பு அடங்கி, கூட்டம் கலைந்த பிறகு ஜமீலா என்னைக் கூப்பிட்டார். "சார், நீங்க பேப்பர்ல எழுதறவங்க. ஒரு நாயம் கேக்கோணும்."

திரையை என் பக்கம் திருப்பினார். ஒரே ஒரு பெயர். கதிர்வேல். அதற்கு எதிரே ஆறு செய்திகள். ஒவ்வொன்றுக்கும் நேராக 'படித்தார்' என்று பச்சை எழுத்து.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

கதிர்வேல் யார் என்று சொல்லிவிடுகிறேன். தெய்வானை அக்காவின் ஒரே மகன். அக்காவும் அவர் கணவர் பழனிச்சாமி அண்ணனும் எங்கள் ஊரில் நெல் விவசாயம் செய்கிறவர்கள். நான்கு வருடங்களுக்கு முன்னால் கதிருக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை அடித்து, சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் கொடுத்தாகிவிட்டது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, "எனக்கு வேண்டாம்" என்றான். காரணம் சொல்லவில்லை. பழனிச்சாமி அண்ணன் கேட்டார், மாமன் மச்சான்கள் கேட்டார்கள். வாயைத் திறக்கவில்லை.

கொடுத்த பத்திரிகைக்கெல்லாம் வீடு வீடாகப் போய் "கல்யாணம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்த அன்று, அண்ணன் மகனிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "இனி எங்கண்ணுல படாதே." படவில்லை. அன்றைக்குப் போனவன்தான்.

கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுத்தது சலீம் பாயிடம். நோட்டில் தன் நம்பரை அவனே எழுதிவைத்திருந்தான். சட்டையை வாங்க வரவில்லை. ஒரு மாதம் கழித்து அக்கா வந்து வாங்கிப்போனார்.

அதோடு முடியவில்லை. அந்த வருடத் தீபாவளிக்கு அக்கா துணியோடு வந்தார். "கதிரு அளவுக்கு ஒண்ணு தைங்க பாய்." பாய் ஒன்றும் கேட்காமல் தைத்தார். அப்புறம் பொங்கலுக்கு. அப்புறம் அடுத்த தீபாவளிக்கு... இப்படியே எட்டுச் சட்டைகள். எல்லாம் வீட்டுப் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன.

போன் செய்து பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். முதல் வருடம் முழுக்கச் செய்தார். மணி அடிக்கும், எடுக்க மாட்டான். அப்புறம் நிறுத்திவிட்டார். ஏன் என்று ஜமீலா ஒருமுறை கேட்டபோது சொன்னாராம்: "அடிச்சுட்டே இருந்தா நம்பரை மாத்திப்போடுவான் கண்ணு. அப்புறம் அடிக்கறதுக்கும் நம்பர் இருக்காது."

கடைசியாகத் தைத்த மூன்று சட்டைகள், சாஃப்ட்வேர் வந்த பிறகு தைத்தவை. யாரும் யோசிக்கவில்லை. ஜமீலா வழக்கம்போலப் பட்டனை அழுத்தியிருக்கிறார். செய்தி கதிருக்குப் போயிருக்கிறது. அக்கா வாங்கிப்போனதும் இன்னொரு பட்டன். 'மீண்டும் வருக.'

வீட்டை விட்டுப் போனவனுக்கு, மூன்று முறை, ஒரு இயந்திரம் சொல்லியிருக்கிறது. மீண்டும் வருக. அவனும் படித்திருக்கிறான். யூனிஃபார்ம் செய்தியைப் படிக்காத பெற்றோர்கள் யார் என்று தேடும்போதுதான் ஜமீலாவின் கண்ணில் இது பட்டிருக்கிறது.

"தப்புப் பண்ணிட்டமோ சார்?" என்றார் பாய். முகம் வாடியிருந்தது. "அடுத்தவங்க ஊட்டு விசயம்..."

பேப்பரில் எழுதுகிறவன் அல்லவா? நானும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நியாயம் சொன்னேன். அது அவர்கள் குடும்பத்து அந்தரங்கம், நம் கடை அதில் நுழையக் கூடாது, அந்த ஒரு நம்பருக்கு மட்டும் செய்தியை நிறுத்திவிடுங்கள் என்றேன். எவ்வளவு கௌரவமான ஆலோசனை!

ஜமீலா ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் படிக்கறானுங்க சார். பிடிக்கலீன்னா பிளாக் பண்ணியிருப்பான்ல? படிக்கறவனுக்கு எதுக்கு நிறுத்தோணும்?"

நான் திரையைத் திரும்பவும் அவர் பக்கமே திருப்பிவைத்தேன்.

(பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "எழுதுங்க. அவன் படிச்சாலும் படிப்பான்" என்றார்.)

அடுத்த வாரம் சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. வரும் மாதத்திலிருந்து செய்தி அனுப்பும் வசதி பெரிய பிளானில் மட்டும்தான். பெரிய பிளான் என்றால் சந்தா ஏறக்குறைய இரட்டிப்பு. யூனிஃபார்ம் சீசன் முடிந்த நேரம். "நிறுத்திப்போடலாம்" என்றார் பாய்.

"அப்ப நிறுத்தறதுக்கு முன்னாடி தெய்வானை அக்காகிட்ட சொல்லிரோணும்" என்றார் ஜமீலா.

சொன்ன அன்று நானும் இருந்தேன். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். அக்கா காலையில் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு, காலித் தூக்குப் பாத்திரத்தோடு கடைக்கு வந்தார். ஜமீலா பக்கத்தில் உட்காரவைத்து, மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அக்கா அழவில்லை. திரையையே பார்த்தார். "இதுல எது அவன் படிச்சது?"

ஜமீலா அந்தப் பச்சை எழுத்தைக் காட்டினார்.

"எத்தனை மணிக்குப் படிச்சான்னு தெரியுமா கண்ணு?"

"தெரியுமுங்க அக்கா. தீபாவளிச் சட்டைக்குக் காலையில ஆறு பத்து. பொங்கலுக்கு... அதுவும் ஆறே கால்."

"காலங்காத்தால எந்திரிக்கறானாட்ட இருக்குது" என்றார் அக்கா. சிரித்த மாதிரிதான் இருந்தது. "ஊட்டுல இருந்தப்ப எட்டு மணிக்கு நான் போர்வையப் புடிச்சு இழுக்கோணும்."

பாய் சொன்னார்: "அக்கா, கடை போன்ல இருந்து நானே கூப்பிட்டுப் பேசட்டுங்களா? இல்லீன்னா நீங்க சொல்லுங்க, ஜமீலா அப்பிடியே அடிச்சு அனுப்புவா."

அக்கா தூக்குப் பாத்திரத்தின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பிறகு வேண்டாம் என்று தலையசைத்தார்.

"மெஷினு பேசுதுன்னுதானுங்க படிக்கறான். அது கோவிச்சுக்காது, ஏன் போனேன்னு கேக்காது. மனுசங்க பேசறாங்கன்னு தெரிஞ்சா எடுக்க மாட்டான்."

இதைச் சொன்னவர் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நான் இத்தனை வருடமாக எழுதுகிறேன். மனிதர்கள் ஏன் மனிதர்களைவிட இயந்திரங்களிடம் எளிதாகப் பேசுகிறார்கள் என்று ஒரு பத்திகூட எனக்கு இவ்வளவு தெளிவாக வந்ததில்லை.

அக்கா எழுந்தார். கடையின் துணி அலமாரிக்குப் போனார். வெளிர்நீலத்தில் ஒரு துணியை விரலால் தேய்த்துப் பார்த்து எடுத்து வைத்தார். "இன்னொன்னு தைங்க பாய்."

"தீபாவளிக்கு இன்னும் நாள் கெடக்குதுங்களே அக்கா?"

"தீபாவளிக்கில்லீங்க."

நான்கே நாளில் சட்டை தயாராகிவிட்டது. பாய் மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டுத் தானே உட்கார்ந்து தைத்தார். அக்கா எதிரே உட்கார்ந்திருக்க ஜமீலா பட்டனை அழுத்தினார். 'வணக்கம் கதிர்வேல். உங்கள் சட்டை தயார்.'

பாய் சட்டையைக் கவரில் போட்டு நீட்டினார். அக்கா கையை நீட்டவில்லை.

"இந்தத் தடவை நான் எடுத்துட்டுப் போகலீங்க. இங்கயே இருக்கட்டும்."

எனக்கு முதலில் புரியவில்லை. ஜமீலாவுக்குப் புரிந்துவிட்டது. வாங்காவிட்டால் 'மீண்டும் வருக' போகாது. வாரா வாரம் நினைவூட்டல்தான் போகும். 'உங்கள் சட்டை உங்களுக்காகக் காத்திருக்கிறது.' யாரோ கொச்சியில் உட்கார்ந்து, வாடிக்கையாளரை அவசரப்படுத்த எழுதிய வாக்கியம். தெய்வானை அக்கா அதை மகனிடம் தன் சார்பில் பேச அனுப்பிவிட்டார்.

பாய் உள்ளே போனார். திரும்பி வந்து மனைவியிடம், "ஒரு மாசம் மட்டும் பெரிய பிளானு போட்டுக்கோ. ஒரே ஒரு மாசம்" என்றார். ஏதோ வீண்செலவுக்கு வருத்தப்படுகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். ஆனால் நாங்கள் யாரும் நம்பவில்லை.

முதல் வாரம் நினைவூட்டல் போனது. படித்தான். காலை ஆறு இருபது.

இரண்டாவது வாரம் போனது. படித்தான்.

தினமும் பால் ஊற்றிவிட்டு அக்கா கடைக்கு வருவார். ஜமீலா திரையைப் பார்த்துச் சொல்வார். ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார். எனக்கும் அந்தப் பக்கம் வேலை அதிகமாகிவிட்டது. தைக்கக் கொடுத்த பேண்ட் ஒன்று. அதைக் கேட்கும் சாக்கில் நான் கடைக்குப் போனது எத்தனை முறை என்று எண்ணவில்லை.

மூன்றாவது வாரம் நினைவூட்டல் போனது. படிக்கவில்லை.

மறுநாளும் படிக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. 'அனுப்பப்பட்டது' என்பதோடு நின்றது.

அன்றைக்கு அக்காவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "நம்பரை மாத்திப்போட்டானாட்ட இருக்குது" என்றார். "வருசத்துக்கு ரெண்டு மூணு தடவை வந்துட்டு இருந்தது. அதோட உட்டிருந்தா அதாச்சும் இருந்திருக்கும். நாந்தான் ஆசைப்பட்டுக் கெடுத்துட்டேன்."

"அப்பிடியெல்லாம் இருக்காதுங்க அக்கா. டவர் இல்லாத எடமா இருக்கும்" என்றார் ஜமீலா. சொல்லிவிட்டு மறுபடியும் திரையைப் பார்த்தார். நான் கௌரவமாகச் சொன்ன ஆலோசனை நினைவுக்கு வந்தது. அன்றைக்கே நிறுத்தியிருந்தால்...? வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அதே நினைப்பு.

திங்கட்கிழமை காலை ஜமீலா போன் செய்தார். "சார், வாங்க" என்றார். அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

போனேன். அக்கா எனக்கு முன்னால் வந்திருந்தார். கடையின் போனுக்குக் கதிரிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது.

'பாய், பழைய அளவு இப்ப எனக்குப் பத்தாது.'

வேறு ஒன்றும் இல்லை. வணக்கம் இல்லை, எப்படி இருக்கிறீர்கள் இல்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது? எனக்கு அனுப்பாதீர்கள் என்கிறானா? விட்டுவிடுங்கள் என்கிறானா? நானும் பாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அக்காவுக்கு அந்தக் குழப்பமே இல்லை. "உடம்பு போட்டிருக்கான்" என்றார். "நல்லாச் சாப்படறான்." அப்போதுதான் அழுதார். நான்கு வருடமாக அவன் சாப்பிடுகிறானா என்பதே தெரியாமல் இருந்தவர் அல்லவா?

ஜமீலா பதில் அடித்தார். நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. 'புது அளவு அனுப்பவும்.' இயந்திரம் பேசுகிற மாதிரியே.

செவ்வாய் போனது. புதன் போனது. வியாழக்கிழமை காலை ஒரு படம் வந்தது. ஏதோ தையல் கடையின் ரசீதுத் துண்டு. மலையாளத்தில் அச்சடித்திருந்தது. கடைப் பெயருக்குக் கீழே சூரியநெல்லி என்று இருந்தது. அங்கே ஒரு டெய்லரிடம் போய் நின்று அளவு எடுத்து, அந்தத் துண்டைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான்.

"சூரியநெல்லி எங்கீங்க இருக்குது?" என்றார் அக்கா.

"மூணாறு தாண்டிப் போகோணுங்க. தேயிலைத் தோட்டம்" என்றேன்.

"குளிருமுங்களா?"

"நல்லாவே குளிரும்."

அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ... ஒம்போதும் அரைக்கைச் சட்டையாத் தச்சு வச்சிருக்கறனே."

பாலக்காட்டு வெயிலுக்குத் தைத்திருக்கிறார். நான்கு வருடமாக அவர் மனதில் மகன் இந்த வெயிலில்தான் இருந்திருக்கிறான்.

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அளவைப் படித்தார். "தோள் பதினெட்டு. மார்பு நாப்பத்திரண்டு. கை... முழுக்கைதான் போட்டிருக்கான். இருபத்திநாலு." துண்டின் அடியில் இன்னும் இரண்டு வரி இருந்தது. அதைப் படிக்கும்போது அவர் குரல் இறங்கியது.

"கவுன். மார்பு இருபத்தொண்ணு. நீளம் பதினெட்டு."

உள்ளே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"இது யாருக்குங்க?" என்றார் அக்கா. அவருக்குத் தெரியாமல் இல்லை. வேறு யாராவது வாயால் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

"ரெண்டு வயசு இருக்கும் அக்கா. அதுக்கு மேல இல்லை" என்றார் பாய். முப்பது வருடம் ஊர்க் குழந்தைகளுக்குத் தைத்தவர். "பொண் கொழந்தை."

"பேரு எழுதலீங்களா?"

"இல்லீங்க. அளவு மட்டுந்தான்."

ஜமீலா புதுக் கணக்கு ஒன்றைத் திறந்தார். சாஃப்ட்வேரில் பெயருக்கான கட்டத்தில் சிவப்பாக ஒரு நட்சத்திரம் உண்டு. பெயர் போடாமல் அது சேவ் ஆகாது. "பேரு கேக்குதுங்களே அக்கா?"

"பாப்பான்னு போடு கண்ணு" என்றார் அக்கா. "இப்போதைக்குப் பாப்பான்னு போடு."

நாங்கள் யாரும் கதிரிடம் எதையும் கேட்கவில்லை. யாரைக் கட்டியிருக்கிறான், ஏன் அன்றைக்கு வேண்டாம் என்றான், இவளுக்காகத்தானா... கேட்க எனக்கு வாய் பரபரத்தது. எழுதுகிறவனுக்கு இது ஒரு வியாதி. ஆனால் அக்காவே கேட்காதபோது நான் யார்?

மறுநாள் அக்கா துணி எடுக்க வந்தார். தனியாக அல்ல. பழனிச்சாமி அண்ணன் மொபெட்டில் கொண்டுவந்து இறக்கினார். அவர் இறங்கவில்லை. வண்டியை ஸ்டாண்டு போடாமலேயே, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, சித்தூர் ரோட்டைப் பார்த்தபடி நின்றார். நான்கு வருடமாக அவர் இந்தக் கடை வாசலில் வண்டியை நிறுத்தியதில்லை.

அக்கா ஒரு மணி நேரம் துணி பார்த்தார். கெட்டியான துணி, உள்ளே மெத்தென்று இருக்க வேண்டும், ஆனால் குத்தக் கூடாது. மஞ்சளா, ரோஸா என்று என்னைக் கேட்டார். குழந்தை என்ன நிறம் என்று யாருக்குத் தெரியும்? கடைசியில் இரண்டையுமே எடுத்தார். மகனுக்குக் கட்டம் போட்ட துணியில் ஒரு முழுக்கைச் சட்டை.

ஜமீலா ஆர்டரைப் பதிவு செய்துகொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார். "அக்கா, கூரியரா நேர்லயான்னு கேக்குது. எதைப் போட?"

கூரியரில் அனுப்பினால் நான்கு நாளில் சூரியநெல்லிக்குப் போய்விடும். குழந்தை போட்டுக்கொள்ளும். ஒருவேளை படம்கூட அனுப்புவான். நேரில் என்று போட்டால் அவனே இங்கே வந்து வாங்க வேண்டும்... என்றைக்கு?

அக்கா வாசல் பக்கம் பார்த்தார். அண்ணன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

"நேர்லன்னு போடு" என்றார் அக்கா. குரல் கேட்டதும் கேட்காததுமாக இருந்தது.

ஜமீலா போட்டார். அக்கா பையை எடுத்துக்கொண்டு போய் வண்டியில் ஏறினார். அண்ணன் கிளப்பினார். நான்கு அடி போயிருப்பார்... நிறுத்தினார். அக்காவை இறக்கிவிட்டு, ஸ்டாண்டு போட்டுவிட்டு, செருப்பைப் படியில் கழற்றிவிட்டுக் கடைக்குள் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஜமீலாவைப் பார்க்கவில்லை. வெட்டுமேசையில் விரித்திருந்த மஞ்சள் துணியை மட்டும் பார்த்தார்.

"பாய்... கவுனைக் கொஞ்சம் பெருசாவே தச்சுப்போடுங்க. எப்ப வருவாங்களோ... அதுக்குள்ள புள்ள வளந்துருமில்லீங்க?"

பாய் தலையை ஆட்டினார். ஜமீலா திரையில் பதினெட்டை அழித்துவிட்டு, இருபது என்று அடித்தார்.